முந்திரிகைப் பந்தலின் கீழ் தங்கிய நீலம்

அத்தான்,

இன்று காலை உங்கள் மூத்த மகள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்திருக்கிறாள். முற்றத்தில் ஒரு பழைய பீப்பாய்க்குள் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். அது சீறிக்கொண்டு கொதித்தது. அந்தச் சூடான மணம் விறாந்தை வரைக்கும் ஏறி வந்தது. நான் கதிரையில் சாய்ந்திருந்து, வெள்ளையடிக்கிறவனுக்குச் சுவரைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் வாய் தானாக நின்றுவிட்டது. அக்கா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா.

"என்னடா, கதையை நிப்பாட்டிப்போட்டாய்? சுகமில்லையோ?"

சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன். உண்மையில் நீங்கள்தான் வந்து நின்றீர்கள். அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகிற வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனை, கையில் சுண்ணாம்பு கலக்கும் பூவரசந்தடி.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனாலும் எழுதுகிறேன். ஊருக்கு நான் சொல்லித் திரிகிற கதை ஒன்று, நடந்தது இன்னொன்று. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்று அந்தச் சுண்ணாம்பு மணம் பிடரியில் தட்டிச் சொன்னது.

உங்களை நான் முதன்முதலில் மதித்தது நீங்கள் அக்காவைக் கட்டிய நாளில் அல்ல. உரும்பிராயிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய முந்திரிகைத் தடிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய நாளில்தான். புத்தகத்தில் திராட்சை என்று எழுதுகிற பழம். உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் முந்திரிகை. வவுனியாவில் தேத்தண்ணீர் குடிக்கக்கூடச் சாக்கை விட்டு இறங்கவில்லை என்று அக்காவிடம் சொன்னீர்கள். நான் அதை ஊருக்குச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஆளை எழுப்பிவிட்டுச் சாக்குக்கும் ஒரு ரிக்கற் எடுத்தீர்கள் என்று சொன்னேன். ஊர் அதை நம்பியது. நீங்கள் மறுக்கவில்லை. சிரித்துவிட்டுப் போய்க் குழி வெட்டினீர்கள்.

எங்கள் ஊர் சாம்பல்தீவு மணலில் முந்திரிகையா என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் பக்கத்து வளவு வேலாயுதண்ணை. விடியக் கடல், பின்னேரம் வெங்காயம் என்று இரண்டு தொழில் செய்த மனிதர். பந்தலுக்குக் கால் நட அவர்தான் தன் வேலியில் நின்ற கதியால்களை வெட்டித் தந்தார். முதல் காலை நான் நட்டேன் என்று சொல்லி வருகிறேன். நட்டது அவர். நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வளவுக்கும் நடுவில் பங்குக் கிணறு. காலையில் அவர் கடலால் வந்து குளிப்பார். நீங்கள் கிணற்றுக்கட்டில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பீர்கள். அவருக்கு எழுத்து வராது, ஆனால் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று நன்றாக வரும். ஒரு வாளி தலையில் ஊற்றுவார், ஒரு மந்திரியைத் திட்டுவார். "அடுத்த பக்கத்தைத் தட்டும் மாஸ்டர்" என்பார். நீங்கள் மாஸ்டர் இல்லை, கிளார்க் என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் விடவில்லை. அக்கா சொல்லுவா, "எனக்குச் சொல்லாத கதையெல்லாம் அந்தக் கிணத்தடியிலதான் சொல்லுறார்." அது உண்மைதான் அத்தான். நீங்கள் பேசுகிற மனிதர் இல்லை. உங்களுடைய பேச்சு முழுவதும் அந்தக் கிணற்றடியில் அந்த அரை மணித்தியாலத்துக்குள் இருந்தது.

மாரி மழை தொடங்கியதும் இலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்தது. நீங்கள் கலங்கவில்லை. துரிசு வாங்கி வந்தீர்கள். மயில் கழுத்து நிறத்தில் கட்டி கட்டியாக இருக்கும் அந்தச் செம்பு உப்பை ஒரு மண்பானையில் கரைத்தீர்கள். இன்னொரு பானையில் சுண்ணாம்பு. இரண்டையும் மூன்றாவது பானையில் சேர்த்தால் வானத்தைக் கரைத்தது போல நீலமாக ஒரு பால் வரும். பிறகு மினுக்கிய கத்தி ஒன்றை அதற்குள் விட்டு எடுத்துப் பார்ப்பீர்கள். அலகில் சிவப்பாகச் செம்பு ஒட்டினால் இலை கருகும் என்று இன்னும் சுண்ணாம்பு விடுவீர்கள். ஒட்டாவிட்டால் மருந்தடிக்கிற பம்பில் ஊற்றுவீர்கள். தராசு, கொப்பி, பேனை எல்லாம் பக்கத்தில் இருக்கும். "அளந்தால்தான் கை சுத்தம்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். அவ்வளவுதான் உங்கள் பிரசங்கம்.

அந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன்.

துறைமுகத்தில் நான் பார்த்த வேலை கப்பலின் அடியைச் சுரண்டிச் சாயம் பூசுவது. வெள்ளைக்காரன் இருந்த காலத்திலும் பூசினேன், அவன் போன பிறகும் பூசினேன். இருபது கப்பல் பூசினேன் என்பேன். ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குப் பூசுவது செம்புச் சாயம். அதைப் பூசாவிட்டால் சிப்பியும் பாசியும் கடற்புழுவும் கப்பலைத் தின்றுவிடும். பூசினால் ஒன்றும் கிட்டவராது. ஆகவே செம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். செம்புக் குடத்துத் தண்ணீர் மனிதனுக்கு நல்லது, செம்புச் சாயம் கப்பலுக்கு நல்லது, அப்படியானால் கொடிக்கும் மண்ணுக்கும் எவ்வளவு நல்லதாக இருக்கும்?

நீங்கள் கச்சேரிக்குப் போன நாட்களில் மருந்தடிக்கிற வேலையை என்னிடம் விட்டீர்கள். கொப்பியில் எழுதிய அளவை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கிளார்க்குமாருக்குக் கை சின்னன் என்று நினைத்து இரட்டித்துப் போட்டேன். மழைக்கு ஒரு தடவை என்று நீங்கள் சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாக்கினேன், வெயில் எறித்தாலும். அடியில் மிஞ்சிய நீல மண்டியை வீணாக்கக் கூடாதென்று கொடி வேரில் ஊற்றினேன். ஒரு துளி பிசகாமல் வருஷக்கணக்காக ஊற்றினேன். பந்தல் கால் நீலம், நான் கட்டின சாரம் நீலம், நகம் நீலம். "கண்ணாடியில பார், திருநீலகண்டருக்குத் தம்பி மாதிரி நிக்கிறாய்" என்று அக்கா சிரித்தா.

பழமும் குலை குலையாகத் தொங்கியது, அதை ஒருவரும் மறுக்க ஏலாது. வெளிநாட்டுப் பழம் வருவது நின்ற காலம். பட்டணத்திலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கப்பல் கப்பித்தான் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எங்கள் பழத்தைத் தின்றான் என்று சொல்லுவேன். தொப்பியைக் கழற்றியது உண்மை. அன்றைக்கு வெக்கை.

பிறகு அந்த மண் மெல்ல மெல்ல வாயை மூடியது.

பழைய கொடிகள் பெயருக்கு நின்றன. செத்த கொடிக்குப் பதிலாக வைத்த கன்றுகள்தான் ஏறவில்லை. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் நீளாமல் கட்டையாக, கபில நிறமாகச் சுருண்டிருக்கும். இடையில் போட்ட மிளகாயும் வரவில்லை. போன வருஷம் உதிர்ந்த இலை இந்த வருஷமும் உக்காமல் கடதாசி போலக் கிடந்தது. நீங்கள் குனிந்து அதில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தீர்கள். "இதை ஏன் மண் தின்னேல்லை?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை அன்றைக்கே நாங்கள் பின்தொடர்ந்திருந்தால் இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

நான் வாய் திறந்தேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

ஒரு பின்னேரம் வேலாயுதண்ணை எங்கள் வேலியோரமாக ஒரு வாளியோடு போனதை நான் கண்டிருந்தேன். கண்டது அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அந்த இலையோடு நின்ற நிலையில், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஒன்றும் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "அத்தான், உங்களிட்டைச் சொல்லாமல் மனதுக்குள்ள வைச்சிருந்தனான். வேலாயுதண்ணை கடல் தண்ணி கொண்டுவந்து எங்கடை பக்கம் ஊத்துறார்" என்றேன். நீங்கள் நம்பவில்லை. நம்பவில்லை என்றதும் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு வாளி மூன்று வாளியாயிற்று. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். சாரத்தை மடித்துக் கட்டினார் என்றபோது நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

சண்டை பிடிக்கிற மனிதர் இல்லை நீங்கள். முள்ளுக்கம்பி வாங்கி வந்தீர்கள். கம்பியை இழுத்துக் கட்டியதும் நான்தான். அவர்கள் வளவிலிருந்து கிணற்றுக்கு வருகிற வழி மூடுண்டது. வேலாயுதண்ணை அடுத்த நாள் தோளில் துவாயோடு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாஸ்டர், என்ன நடந்தது?" என்று கேட்டார். நீங்கள் பேப்பரை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனீர்கள். அவர் குளிக்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவருடைய மனிசி குடத்தோடு கோயில் கிணறு வரைக்கும் நடந்தா. உங்கள் பேப்பர் விறாந்தையில் மடித்தபடி கிடக்கும். அக்கா அதைத்தான் அடுப்பு மூட்ட எடுப்பா. இரண்டு வருஷம் நீங்கள் சத்தம் போட்டு ஒரு வரி வாசித்ததை ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் மனிதரை நான்தான் உங்களிடமிருந்து பறித்தேன் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைப்பேன். ஒவ்வொரு நாளும் கதை கொஞ்சம் பெருத்திருக்கும். இறக்கி வைக்க ஏலாது.

அது இறங்கியது ஒரு மத்தியானச் சாப்பாட்டில். பிள்ளைகள் கப்பல் கதை கேட்டார்கள். நான் செம்புச் சாயத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாமா பூசின கப்பலில மூண்டு வருஷத்துக்கு ஒரு பாசி முளைச்சிருக்குமோ? ஒரு புழு கிட்டப் போயிருக்குமோ?" சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றா.

"ஒண்டும் முளைக்காதோ?"

"ஒண்டும்."

"புழுவும் வராதோ?"

"வந்தால் என்ரை பேரை மாத்து."

"துரிசும் செம்புதானே?"

"அசல் செம்பு."

"அப்ப இவ்வளவு காலமும் எங்கடை மண்ணில என்னத்தையடா ஊத்தினனீ?"

அத்தான், அந்த நேரம் உங்கள் கை சோற்றில் இருந்தது. அப்படியே கையைக் கழுவாமல் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். நான் மண்டி ஊற்றுகிற கொடிக்குக் கீழே வெட்டினீர்கள். மேலே ஒரு சாண் மண்ணில் அங்கங்கே நீலச் சுண்ணாம்பு திட்டுத்திட்டாகக் கிடந்தது. புழு இல்லை, பூச்சி இல்லை. அதற்குக் கீழே மண் சாதாரணமாக, ஈரமாக இருந்தது. பத்து வருஷத்து நீலம் ஒன்றும் எங்கேயும் போகவில்லை. மழை வெளியே கொண்டுபோயிருக்கும் என்று நாங்கள் நினைத்தது எல்லாம் அந்த ஒரு சாணுக்குள் ஏறிக் குந்தியிருந்தது.

பிறகு வேலியோரம் போய் ஒரு கிள்ளு மண்ணை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். துப்பினீர்கள். இன்னொரு இடத்தில் எடுத்து வைத்தீர்கள்.

"உப்பில்லை" என்றீர்கள்.

என் பக்கம் திரும்பினீர்கள்.

"வாளிக்குள்ள உப்புத் தண்ணி எண்டு எப்பிடித் தெரியும்? கண்டனீரோ?"

"வாளியைக் கண்டனான்."

"தண்ணியை?"

"காணேல்லை."

"மூண்டு வாளி?"

"ஒண்டு, அத்தான்."

"சிரிச்சவர் எண்டனீர்."

"முதுகுதான் தெரிஞ்சது."

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். ஊரில் வேறு யாராக இருந்தாலும், அடிக்காவிட்டாலும் அந்த அமிர்தமும் நஞ்சும் பழமொழியையாவது எடுத்து விட்டிருப்பார்கள். நீங்கள் மண்வெட்டிப் பிடியில் நாடியை வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டீர்கள். இரண்டு வருஷம் உள்ளே வைத்திருந்த மூச்சு. பிறகு சிரித்தீர்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒரு நல்ல மனுசனைக் கோவிச்சுக்கொண்டு இருக்கிறது லேசான வேலையில்லை, தெரியுமோ? நான் களைச்சுப்போனன்" என்றீர்கள். "கம்பி கட்டினது நீர். நீரே வெட்டும்."

வெட்டினேன். நீங்கள் பின்னால் வரவில்லை. வர மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டீர்கள். வேலாயுதண்ணை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், சாரம் மடித்தது உட்பட. அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அது மீன் கழுவின தண்ணியடா. முருங்கைக்கு ஊத்தப் போனனான்."

"ஓம் அண்ணை."

"கடலில இருந்து உப்புத் தண்ணி தூக்கிக்கொண்டுவந்து உங்கடை கொடிக்கு ஊத்த எனக்கென்ன விசரோ? குடிதண்ணி தூக்கவே ஆளில்லை."

"ஓம் அண்ணை."

"இரண்டு வருஷம் என்ரை மனிசி கோயில் கிணத்தில அள்ளினவள். அதுக்கு என்ன சொல்லுறாய்?"

அவர் மனிசி வாசலுக்கு வந்து ஒரு வெறுங்குடத்தை என் காலடியில் வைத்தா. ஒரு மாதம் காலையும் பின்னேரமும் நான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் அள்ளினேன். ஊருக்கு ஆறு மாதம் என்று சொல்வதுண்டு. இந்த ஒரு விஷயத்தில் கூட்டிச் சொல்வதில் பெருமை இல்லை என்றாலும் கூட்டிவிடுகிறேன்.

அடுத்த நாள் காலை நீங்கள் பேப்பரோடு கிணற்றுக்கட்டில் இருந்தீர்கள். அவர் வந்தார். வாளியைப் போட்டார். நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள். இரண்டாவது செய்தியில் அவர், "அவன் இன்னும் மந்திரியாத்தான் இருக்கிறானோ?" என்று கேட்டார். குசினிக்குள் அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பில் துடைத்தா. புகை என்றா. அடுப்பு அப்போது எரியவில்லை.

அந்த ஒரு சாண் மண்ணை மூன்று பேருமாகச் சுரண்டி எடுத்தோம். கிணற்றுக்குத் தூரமாக, றோட்டுக்குப் போகிற ஒழுங்கையின் பள்ளத்தில் கொட்டினோம். இன்றைக்கும் அதில் புல் முளைப்பதில்லை. எங்கள் ஒழுங்கையைப் போல் சுத்தமான ஒழுங்கை மாவட்டத்தில் இல்லை என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். பந்தலடிக்கு மாட்டெருவும் பூவரசங்குழையும் போட்டு மண்ணுக்குள் தாட்டோம். இரண்டு மாரி ஒன்றும் வைக்கவில்லை. மூன்றாவது மாரியில் அக்கா கீரைக்குக் கொத்தும்போது ஒரு மண்புழுவைக் கண்டு, ஆளுக்கு ஆள் கூப்பிட்டுக் காட்டினா. வேலாயுதண்ணை, "பிடிச்சுத் தாங்கோ, தூண்டிலுக்கு நல்லம்" என்றார். நீங்கள் அன்றைக்குப்போல் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு நாலே நாலு கொடி வைத்தீர்கள். மழை பார்த்து, அளந்து, மருந்தடித்தீர்கள். அடிக்கிறபோது சொட்டுகிறது மண்ணில் விழாமல் கீழே பழைய சாக்கு விரித்தீர்கள். சாக்குப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. பம்பை நீங்கள் கடைசி வரைக்கும் என் கையில் தரவில்லை.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டுகிற நேரம் வந்தபோது, கிணற்றடிக்கு நான் போகுமுன் வேலாயுதண்ணை போய்விட்டார். வயசுபோன மனிதர். பிள்ளைகள் வாளியை வாங்கப் போனார்கள். "விடுங்கோ. மாஸ்டருக்கு நான்தான் அள்ளுவன்" என்றார். அந்த முதல் வாளி மேலே வந்தபோது நான் ஒப்பாரி வைக்கவில்லை. எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது, சாவு வீட்டில் வரக்கூடாத ஆறுதல். அந்தக் கம்பி அன்றைக்கு அங்கே நின்றிருந்தால், அந்த மனிதர் அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பார். அவர் மேல் பிழையில்லை என்று உங்களுக்கும் தெரியாமலே போயிருக்கும்.

போன மாதம் கரையில் ஒரு பொடியனுடைய வலையை யாரோ வெட்டிவிட்டார்கள். நான் அந்தப் பக்கத்தால் வந்தேன் என்று தெரிந்து ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரு பெயர் இருந்தது. என் வாயிலிருந்து அது வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். என்ன நிறச் சட்டை, கையில் என்ன கத்தி, எந்தப் பக்கம் ஓடினான் என்று எல்லாம் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன அத்தான், அவ்வளவு அழகாக. அப்போது உங்கள் குரல் கேட்டது, கண்டனீரோ என்று.

"ஒரு முதுகைக் கண்டனான். ஆர் எண்டு எனக்குத் தெரியாது" என்றேன்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "மாமாவுக்கு வயசு போட்டுது" என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள். நான் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் ஆகச் சின்னது அதுதான். அந்த முதுகுக்காரன் யாரோ, அவனும் அன்றைக்கு அடி வாங்காமல் தன் வீட்டில் இருந்து சாப்பிட்டிருப்பான்.